உங்கள் பள்ளிக்கூடத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி?

பாளையங்கோட்டைப் பக்கம் நூறு வயது தாண்டிய பள்ளிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பள்ளி மலருக்குக் கட்டுரை கேட்டால் 'அந்தக் காலத்தில்' என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுகிறோம். கட்டடத்தை விடுங்கள், முதலில் பாடம் எப்படி நடந்தது என்று தேடுங்கள்.

ஓர் உதாரணம் பாருங்கள். ஸ்காட்லாந்தில், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் ஒரு மேல்நிலைப் பள்ளிக்குப் பெயர் மெட்ராஸ் காலேஜ். ஆமாம், நம்ம மெட்ராஸ்தான். அந்த ஊரில் பிறந்த ஆண்ட்ரூ பெல் எழும்பூர் அனாதை விடுதியைப் பார்த்துக்கொண்ட காலத்தில், பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கவனித்து, பெரிய பையனை வைத்தே சின்னவனுக்குச் சொல்லிக்கொடுத்து (திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை வேலை, வேறென்ன!), 1797இல் அதைப் புத்தகமாகவும் போட்டுவிட்டார். அவர் விட்டுச்சென்ற பணத்தில் 1833இல் அந்தப் பள்ளி திறந்தது. ஒரு பெயருக்குப் பின்னால் இவ்வளவு கதை.

சரி, நம் வேலைக்கு வருவோம். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிப் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள். அப்பாவின் தொழில், ஊர் என்ற இரண்டு கட்டங்களே பாதி வரலாற்றைச் சொல்லிவிடும். 1917இல் வந்த திருநெல்வேலி கெசட்டியரையும் (மாவட்டத்தைப் பற்றிய அரசு விவர நூல்) புரட்டுங்கள்.

அப்புறம் அடிக்கல். நான் பார்த்த ஒன்றில் வருடமே தெரியாத அளவுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். சுரண்டாதீர்கள், எழுத்து உதிர்ந்துவிடும். மெல்லிய தாளை மேலே வைத்து அடுப்புக்கரியால் லேசாகத் தேய்த்தால் போதும், எண் மேலே வரும்.

ஓய்வுபெற்ற வாத்தியார் வீட்டுக்குச் சாயங்காலம் போங்கள், பழைய குரூப் போட்டோவோடு. பெயர்களை அன்றைக்கே பென்சிலால் போட்டோவின் பின்னால் எழுதிவிடுங்கள்.