ஆட்டப் போட்டிக்கு வரும் பிள்ளைகளைப் பாதுகாப்பது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் தீபாவளி, பொங்கல் சமயத்தில் தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ கோவில் மண்டபத்திலோ ஆட்டப் போட்டி நடக்கும். நடுவர், கோப்பை, பேனர், ஒலிபெருக்கி என்று ஒவ்வொன்றுக்கும் செயலவையில் ஓர் ஆள் இருப்பார். பிள்ளைகளுக்கென்று மட்டும் யாரும் இருக்க மாட்டார். ஒரு பிள்ளை மேடையில் நிற்பது நான்கு நிமிடம், மண்டபத்தில் இருப்பது ஐந்தாறு மணி நேரம். உடை மாற்றும் அறை, கழிவறைக்குப் போகும் வழி, இரவில் தோட்டத்துக்குத் திரும்பும் வேன் ஆகிய மூன்று இடங்களில்தான் கவனம் தேவை. எந்த நேரத்தில் கேட்டாலும் "இந்தப் பிள்ளை இப்போது யார் பொறுப்பில் இருக்கிறது?" என்ற கேள்விக்கு ஒரு பெயர் பதிலாகக் கிடைக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

பதிவை ஏழு நாளுக்கு முன்பே முடித்துவிடுங்கள். படிவத்தில் பிள்ளையின் பெயர், வயது, பெற்றோரின் இரண்டு தொலைபேசி எண்கள், ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து ஆகியவை இருக்கட்டும். கூட்டி வருபவர் யார், கூட்டிப் போகிறவர் யார் என்று தனித்தனி வரியில் எழுதி வாங்குங்கள், பல வேளைகளில் இருவரும் ஒருவரல்ல. படிவங்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். ஒருவரிடம் மட்டும் கோப்பு இருக்கட்டும், போட்டி முடிந்து புகார் எதுவும் இல்லையென்றால் ஒரு மாதத்தில் கிழித்துவிடலாம்.

பாட்டையும் உடையின் படத்தையும் அதே ஏழு நாளுக்குள் வாங்கிக் கேட்டுப் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளை ஆடக் கூடாத சினிமாப் பாட்டு நிறைய இருக்கிறது. மேடையேறிய பிறகு நிறுத்தினால் அவமானம் பிள்ளைக்குத்தான், முன்கூட்டியே சொன்னால் ஆட்டம் சொல்லிக் கொடுக்கும் மாஸ்டர் வேறு பாட்டு எடுக்க நேரம் இருக்கும்.

பத்து வயதுக்குக் கீழே எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், அதற்கு மேல் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த அறையிலும் ஒரே பெரியவர் தனியாகப் பிள்ளைகளுடன் இருக்கக் கூடாது, குறைந்தது இருவர் வேண்டும். பிள்ளைகளுக்கு எதிரான குற்றங்களில் தண்டனை பெற்றவர்களின் பதிவேடு சமூகநலத் துறையிடம் இருக்கிறது, பொறுப்பாளர்களின் பெயரை அங்கே சரிபார்க்க விண்ணப்பிக்கலாம். பதில் வர நாளாகும் என்பதால் அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ள வேண்டாம். ஒப்பனைக்காரர், புகைப்படக்காரர், ஒலிபெருக்கி ஆட்கள் ஆகியோருக்கு வேறு நிற அட்டை கொடுங்கள், அந்த அட்டை உடை மாற்றும் அறைக்குள் செல்லாது. பழகிய முகம் என்று விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. பிள்ளைக்குத் தீங்கு செய்பவர் பெரும்பாலும் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் தெரிந்தவராகவே இருக்கிறார். பயிற்சிக் காலத்திலும் மாஸ்டர் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பாமல், பெற்றோர் இருக்கும் குழுவில்தான் பேச வேண்டும். தனியாகக் காரில் ஏற்றிப் போவதும் கூடாது.

உடை மாற்ற இரண்டு வகுப்பறைகளை ஒதுக்குங்கள், ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. பள்ளிகளின் அடுக்குக் கண்ணாடி ஜன்னல் மூடியிருந்தாலும் உள்ளே தெரியும், பழைய துணியோ நாளிதழோ கொண்டு முழுதாக மறையுங்கள். அறைக்குள் யார் கையிலும் தொலைபேசி இருக்கக் கூடாது, அம்மாவாக இருந்தாலும்தான். தன் மகளைப் படம் எடுக்கும்போது பின்னால் உடை மாற்றும் இன்னொரு பிள்ளை விழுந்துவிடும், அந்தப் படம் அன்று இரவே ஐந்து குழுக்களுக்குப் போய்விடும். பிள்ளைகள் வீட்டிலிருந்தே பனியனும் குட்டைக் காற்சட்டையும் உள்ளே போட்டு வந்தால் மாற்றுவது எளிது. கழிவறைக்கு இரண்டு பேராக அனுப்பி, வெளியே ஒரு பெரியவர் நிற்கட்டும். முகநூலில் நேரலை போடுவதானால் முழுப் பெயரும் பள்ளியும் திரையில் வரக் கூடாது.

மேடையைக் காலையில் ஒருவர் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். ஆணித் தலை, பலகை இணைப்பில் உள்ள இடைவெளி, சிலாம்பு எல்லாம் காலுக்குத்தான் முதலில் தெரியும். விளிம்பிலிருந்து அரை மீட்டர் உள்ளே வெள்ளை ஒட்டுநாடா ஒட்டுங்கள். விளக்கு முகத்தில் அடிக்கும்போது பிள்ளைக்கு விளிம்பு தெரியாது. புகை எந்திரம் தரையை வழுக்கச் செய்யும், ஆஸ்துமாவையும் கிளப்பும், வேண்டாம். தீப்பந்தம், எரியும் விளக்கு வைத்த ஆட்டத்துக்கு மின்கல விளக்கே போதும். பளபளக்கும் நைலான் துணியில் தீப்பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சுட்டுவிட்டால் ஓடும் குழாய் நீரில் இருபது நிமிடம் வைக்க வேண்டும், ஒட்டியிருக்கும் துணியைப் பிய்க்கக் கூடாது, பற்பசையோ கிச்சாப்போ (சோயா சாஸ்) தடவவும் கூடாது. திறந்தவெளி மேடையென்றால், பேராக்கில் மாலை இடிமழை சாதாரணம். இடி கேட்டதும் எல்லாரையும் கட்டடத்துக்குள் கொண்டுபோய், கடைசி இடியிலிருந்து முப்பது நிமிடம் காத்திருங்கள்.

சிறப்பு விருந்தினருக்காகப் பிள்ளைகளைக் காத்திருக்க வைக்காதீர்கள். ஒட்டியாணத்தையும் சவுரியையும் இறுக்கிக் கட்டி, பசியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிள்ளைதான் மேடையில் மயங்கி விழும். சிறியவர்களை முதலில் ஆடவிட்டு, முடிவையும் உடனே அறிவித்து, வீட்டுக்கு அனுப்பிவிடலாம். டத்தோ பட்டம் பெற்ற அந்த விருந்தினர் எப்போது வந்தாலும் பெரிய பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கட்டும். ஆடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இட்லியோ ரொட்டியோ கொஞ்சம் சாப்பிடட்டும், தண்ணீர் அடிக்கடி வேண்டும். முதலுதவிக்குச் செம்பிறைச் சங்கத்தையோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸையோ முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வரும்போதே பிள்ளையின் கையில் எண் எழுதிய காகிதப் பட்டை கட்டி, அதே எண் உள்ள துண்டைக் கூட்டி வந்தவரிடம் கொடுங்கள். துண்டும் படிவத்தில் உள்ள பெயரும் பொருந்தினால்தான் பிள்ளை வாசலைத் தாண்டும். "நான் மாமாதான்" என்றால் போதாது, அம்மாவுக்கு அழைத்துக் கேளுங்கள். ஏற்பாட்டு வேனென்றால் ஏறும்போதும் இறங்கும்போதும் பெயர் கூப்பிடுங்கள். ஓட்டுநரைத் தவிர ஒரு பெரியவர் உடன் போய், லயத்து (தோட்டக் குடியிருப்பு வரிசை) வாசலில் வீட்டாரிடம் ஒப்படைக்க வேண்டும், செம்பனைத் தோட்டத்து முச்சந்தியில் இறக்கிவிடக் கூடாது. கடைசிப் பிள்ளை போகும்வரை செயலவையினர் இருவர் மண்டபத்தில் இருக்கட்டும். பிள்ளை காணவில்லையென்றால் முதலில் வாசல்களை மூடுங்கள். ஒலிபெருக்கியில் உடையின் நிறத்தைச் சொல்லுங்கள், பெயரைச் சொல்லாதீர்கள், பெயர் தெரிந்த அந்நியன் பிள்ளையை எளிதாகக் கூப்பிட்டுவிடுவான். பத்து நிமிடத்தில் கிடைக்காவிட்டால் 999.

ஒரு பிள்ளை தன்னை யாரோ தொட்டதாகச் சொன்னால், ஒருவர் மட்டும் கேளுங்கள். "அப்புறம்?" என்பதற்கு மேல் எதுவும் கேட்காமல், சொன்ன வார்த்தைகளை அப்படியே நேரத்தோடு எழுதிக் கையெழுத்திடுங்கள். செயலவை முழுதும் மாற்றி மாற்றி விசாரித்தால் பிள்ளை பயந்து சொன்னதையே மாற்றிக்கொள்ளும். குளிப்பாட்டவோ உடையைத் துவைக்கவோ வேண்டாம். பெற்றோருக்குச் சொல்லுங்கள், அவர்களில் ஒருவர் மேல்தான் புகார் என்றால் நேராகப் போலீசுக்குப் போங்கள். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இதற்கென்றே சேவை மையம் உண்டு, ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் போகலாம். தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசியை 15999 என்ற எண்ணில் அழைத்தால் இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். புகாருக்கு உள்ளானவர் நன்கொடையாளராகவோ பெரிய மாஸ்டராகவோ இருக்கலாம். கோவில் தலைவர் முன்னால் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துச் சமரசம் பேச வேண்டாம். 2017ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, இப்படிப்பட்ட குற்றம் தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பதே தனிக் குற்றம், அதற்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு.