பரம்புக்கு முதல் நாளே போய்விடுங்கள்

பழங்காலத்து இடுகாடான ஆதிச்சநல்லூரைப் பார்க்கும் எண்ணத்தோடு வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள், சொந்தக்காரர் வீட்டில் பையை இறக்கிய மறுநாளே போய்விடுங்கள். நான் கடைசி நாளுக்கு ஒதுக்கி வைத்து ஏமாந்தேன்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினால் போதும். தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கர் சரளை மேடு, ஊரில் பரம்பு என்பார்கள். 1876-இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் தோண்டினார், பிறகு 1899-லிருந்து தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ. அவர் எடுத்த பொன் நெற்றிப்பட்டங்களைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகம் போக வேண்டும். இங்கே 2023 முதல் தோண்டிய குழிமேலேயே கண்ணாடி போட்டிருக்கிறார்கள், குனிந்தால் காலடியில் இறந்தவர்களைப் புதைத்த பெரிய பானைகளான முதுமக்கள் தாழிகள்.

எங்கள் அப்பாவின் பங்கு நிலம் பரம்பை ஒட்டித்தான். அதில் வீடு கட்ட வேண்டும், "ஒரு கையெழுத்து, ஒரு நாள் வேலை" என்றார் சித்தப்பா. ஒன்பது நாள் ஆனது. இறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, என் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி. அதைச் சரிசெய்து வாரிசுச் சான்றிதழுக்கு நின்றால் கையெழுத்துப் போடுகிறவர் விடுப்பில், மறுநாள் போனால் வேறொரு நகல் கேட்கிறார்கள், என் மகள் அந்த அலுவலகத் திண்ணையிலேயே விடுமுறையைக் கழித்தாள். எட்டாம் நாள்தான் ஒருவர் சொன்னார்: பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது, அதற்கடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். 2010-லிருந்தே சட்டம் இதுதான். எங்கள் நிலம் 100 மீட்டருக்குள்.

அதனால் கிளம்பும் முன்பே புல எண்ணைக் கேட்டு வாங்கி, பட்டாவையும் வில்லங்கத்தையும் இணையத்தில் பாருங்கள். கையெழுத்துக்காகவே போக வேண்டாம். நீங்கள் இருக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி பவர் பத்திரம் அனுப்பலாம், இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

நான் கோபத்தில் சத்தம் போட்டுவிட்டேன். சித்தப்பா கேட்டது ஒன்றுதான்: "நீ போயிட்ட. அண்ணனைக் கடைசிவரை பாத்துக்கிட்டது யாருய்யா?"

கடைசி நாள் பரம்புக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்து கேட்டைப் பூட்டியிருந்தார்கள். வேலியோரத்தில் மகள் கறுப்பும் சிவப்புமாக ஒரு பானை ஓட்டுச் சில்லை எடுத்தாள். "பேத்தி ஞாபகத்துக்குக் கொண்டு போகட்டும்" என்றார் சித்தப்பா. பழம்பொருளை நாட்டைவிட்டு எடுத்துப் போவது 1972 சட்டப்படி குற்றம், சின்னச் சில்லுதானே என்று பெட்டியில் போட்டுவிடாதீர்கள். நான் வேண்டாம் என்றதும் அவர் அதை வாங்கி, துண்டால் மண்ணைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தார்.