ஐஇஎல்டிஎஸ் இங்கிலிஷ் டெஸ்ட்ல லிஸனிங் 7.5ல இருந்து 8.5க்கு ஏத்தினது எப்பிடி (என் அனுபவம்)

கனடா பிஆருக்கு (நிரந்தரமா குடியிருக்க) அப்ளை பண்ற எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழிக்கு இங்கிலிஷ் மீடியத்துல டிகிரி முடிச்சேன்னு லெட்டர் காட்டினா பத்தாது, டெஸ்ட் எழுதியே ஆகணும், ஐஇஎல்டிஎஸ்னா அகடமிக் இல்ல, ஜெனரல் ட்ரெய்னிங். எனக்கு ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் மூணும் 7, லிஸனிங் மட்டும் 7.5. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா சிஎல்பி (கனடாவோட மொழி அளவுகோல்) 9க்கு லிஸனிங்ல மட்டும் 8 வேணும், அந்த அரை பேண்டால பாயிண்ட்ஸ் நல்லா அடிபடுது.

ஹட்டன்ல போன கிளாஸ்ல கிராமரையே போட்டு அரைச்சாங்க, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தமோ தெரியல. நானே உக்காந்து பாத்தா மார்க் போறது முதல் பார்ட்லதான், பேரு, தெரு, போன் நம்பர், "டபுள் எல்"னு படபடன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க, ஆடியோ ஒரு தடவதான் ஓடும், ஸ்பெல்லிங் பிழைச்சா அந்த பதிலுக்கு மார்க்கே இல்ல.

அதனால கண்டி பஸ்ல இயர்போன மாட்டிக்கிட்டு, கினிகத்தேன வளைவுல ஆடி ஆடி, காதுல விழுற பேரு நம்பரெல்லாம் டிக்கெட் பின்னால எழுதிப் பழகினேன், பக்கத்துல இருந்த அக்கா லொத்தர் நம்பராப்பான்னு கேட்டுச்சு. கேள்விய முன்கூட்டியே வாசிச்சு வைக்கிறதும் கை குடுத்துச்சு. அடுத்த ரிசல்ட்ல 8.5.

ரிசல்ட் ரெண்டு வருசம்தான் செல்லும், பிஆருக்கு அப்ளை பண்ற அன்னைக்கும் அது காலாவதியாகாம இருக்கணும், தேதிய பாத்துக்கங்க.