எல்சிடியில் படம் வரவில்லையா? லினக்ஸைத் திட்டுவதற்கு முன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து மண்டபத்தில் கோயில் திருவிழாக் கணக்கைக் காட்டப் போயிருந்தேன். மேசையில் பழைய புரொஜெக்டர். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் எல்சிடி. விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்ட என் மடிக்கணினியில் வயரைச் செருகினேன். சுவரில் வெறும் நீலம். பின்வரிசையில் ஒரு மாமா, "சும்மா கிடைக்கிற சாப்ட்வேர்னா இப்படித்தான் தம்பி" என்றார். கடைசியில் கணக்கை வாயால் படித்து முடித்தேன்.

தப்பு லினக்ஸில் இல்லை, வயரில். அந்த எல்சிடியில் இருந்தது விஜிஏ மட்டும், பதினைந்து துளை உள்ள நீல வாய். நான் வாங்கியிருந்ததோ ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை விஜிஏ என்ற வெறும் வயர். எச்டிஎம்ஐ டிஜிட்டல், விஜிஏ அனலாக். நடுவில் மாற்றித் தரும் சிப் இல்லாவிட்டால் எந்தக் கணினியிலும் படம் வராது. அந்தச் சிப் உள்ள அடாப்டர் என்று கேட்டு வாங்குங்கள். யுஎஸ்பி-சி வாயை நம்பிப் போகிறவர்களும் கவனிக்கவேண்டும்: எல்லா யுஎஸ்பி-சியும் படம் அனுப்பாது.

அடுத்தது ரெசல்யூஷன், அதாவது திரையில் எத்தனை புள்ளிகள் என்ற அளவு. மடிக்கணினி 1920x1080 என்றால், பழைய எல்சிடி பெரும்பாலும் 1024x768. நீளமான விஜிஏ வயரோ, ஒரு படத்தை இரண்டு திரைக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டரோ நடுவில் இருந்தால், எல்சிடி தன்னைப் பற்றிச் சொல்லும் தகவல் கணினிக்கு வந்து சேராமல் போகலாம். அப்போது பெரிய அளவை வலுக்கட்டாயமாக வைத்தால் திரை கறுத்துவிடும். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் 1024x768 வைத்துப் பாருங்கள். க்னோம் என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பில் சூப்பர் விசையோடு (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) பி அழுத்தினால் மிரர் (இரண்டு திரையிலும் ஒரே படம்), எக்ஸ்டென்ட் (இரண்டிலும் வேறு வேறு) எல்லாம் மாறி மாறி வரும். பழைய குறிப்பைப் பார்த்து டெர்மினலில் எக்ஸ்ரேண்டர் (xrandr) என்ற திரை மாற்றும் கட்டளையை அடித்துக்கொண்டிருக்காதீர்கள். லினக்ஸில் திரையில் படம் காட்டும் புதிய முறையான வேலண்டில் அது திரையை மாற்றாது. உபுண்டு என்ற லினக்ஸ் வகை, 2021 முதல் பெரும்பாலான கணினிகளில் வேலண்டில்தான் ஓடுகிறது.

இன்டெலோடு என்விடியா கிராபிக்ஸ் சிப்பும் உள்ள மடிக்கணினியா? சிலவற்றில் எச்டிஎம்ஐ வாய் என்விடியா சிப்போடு மட்டும் இணைந்திருக்கும். பேட்டரி மிச்சம் பிடிக்க இன்டெலுக்கு மாற்றி வைத்திருந்தால் அந்த வாய் செத்தது மாதிரிதான். திரும்ப மாற்றினால் ரீஸ்டார்ட் கேட்கும். அதை முதல் நாள் இரவே வீட்டில் செய்துவிடுங்கள், தலைவர் வரவேற்புரை பேசும்போது வேண்டாம்.

தமிழ் எழுத்துதான் பெரிய தலைவலி. டீச்சர் விண்டோஸில் லதா எழுத்துருவில் ஸ்லைடு செய்து பென்டிரைவில் கொடுப்பார். லினக்ஸில் லதா இருக்காது. வேறொன்று வந்து உட்காரும், வரி மடங்கும், கடைசி வரி கட்டத்துக்கு வெளியே தொங்கும். செய்த கணினியிலேயே பிடிஎப் ஆக்கித் தரச் சொல்லுங்கள். எழுத்துகள் பறந்து வரும் வித்தை போய்விடும். எனக்கு அதில் வருத்தமில்லை. நீங்களே செய்வதென்றால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்லைடைப் பழைய எல்சிடிக்கு ஏற்ற 4:3 அளவில் செய்தால் சுவரில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழாது.

ஸ்லைடு காட்டும் லிப்ரே ஆபிஸ் இம்ப்ரெஸில் உங்கள் குறிப்பு சுவரிலும் ஸ்லைடு மடிக்கணினியிலும் வந்தால் பதறவேண்டாம். குறிப்பு தெரியும் அந்தப் பிரசன்டர் கன்சோலில், இரண்டையும் இடம் மாற்ற எக்ஸ்சேஞ்ச் பொத்தான் இருக்கிறது. அப்புறம் நோட்டிபிகேஷனை அணைத்துவிடுங்கள். குடும்பக் குழுவின் சண்டையை மண்டபம் பார்க்கவேண்டாம்.

வீடியோ இருக்கிறதா? விஜிஏவில் சத்தம் போகாது. மண்டபத்து ஸ்பீக்கருக்குத் தனியாக ஓர் ஆடியோ வயர் கொண்டுபோங்கள், சவுண்ட் செட்டிங்கில் அவுட்புட் எங்கே போகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.