குடைமிளகாய் இலைப்பேன்: மருந்தை நிறுத்தியபின்தான் அடங்கியது

மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள ரிங்லெட்டில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் பிளாஸ்டிக் கொட்டகையில் குடைமிளகாய்க் குருத்தெல்லாம் சுருண்டு போயிற்று. ஒரு பூவை வெள்ளைத்தாளில் தட்டினேன். மஞ்சள் துரும்புபோல ஏழெட்டு இலைப்பேன்கள் (சாறுறிஞ்சும் பொடிப்பூச்சிகள்) ஓடின. வாரம் 2 முறை மருந்து அடித்தும் குறையவில்லை. எப்படிக் குறையும்? முட்டை இலைச் சதைக்குள், கூட்டுப்புழு மண்ணுக்குள்.

சரி என்று மருந்தை நிறுத்தினேன். வெயில் தாழ்ந்ததும் பவேரியா பாசியானா என்ற, பூச்சியைக் கொல்லும் பூஞ்சையின் கரைசலைப் பூவிலும் இலையடியிலும் 5 நாளுக்கு ஒருமுறை தெளித்தேன். அதோடு பூஞ்சைக்கொல்லியைக் கலக்கவே கூடாது. பூச்சி ஒட்டிக்கொள்ளும் நீலப் பசை அட்டைகளும் தொங்கவிட்டேன். அப்புறம், நன்மை செய்யும் பூச்சிகள் வரட்டும் என்று வாசலோரத் துளசியைக் கிள்ளாமல் பூக்க விட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு பூவுக்குள், இலைப்பேனை வேட்டையாடும் ஓரியஸ் பூச்சி: கறுப்பும் வெளுப்புமாக, எள்ளளவு. ஊசிமூக்கால் இலைப்பேனைக் குத்திப் பிடித்திருந்தது. ஓடிப்போய் மனைவியைக் கூட்டிவந்து காட்டினேன். இப்போது புதுக் குருத்து நேராக வருகிறது.