கத்தியின் கடினத்தைச் சோதிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் தோல் வெட்டும் கத்திக்கும், தைப்பதற்கு முன் தோலின் ஓரத்தைச் சீவும் கத்திக்கும் தேவை குறைவதில்லை. தோய்ச்சல் போட்ட, அதாவது சூடேற்றிச் சட்டென்று எண்ணெயிலோ நீரிலோ அமிழ்த்திக் கடினமாக்கிய, கத்தியின் மேல் அரத்தை ஓர் இழுப்பு இழுத்துப் பதம் சொல்வது பட்டறைகளின் பழைய வழக்கம். வாங்குபவர் கடினத்தை எண்ணாகக் கேட்கும்போது, முனையை அழுத்திக் கடினத்தை அளக்கும் ராக்வெல் எந்திரம் உள்ள இடத்துக்குக் கத்தியைக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அங்கே நேரும் தவறுகளில் பெரும்பாலானவை எந்திரத்தினுடையவை அல்ல, கத்தியை அதன்கீழ் வைத்த விதத்தினுடையவை.

கடின எஃகுக்குரிய ராக்வெல் சி அளவில், 120 பாகைக் கூம்பு வைரமுனை முதலில் 10 கிலோ எடையிலும், பிறகு மொத்தம் 150 கிலோ எடையிலும் அழுத்தப்படுகிறது. மீண்டும் 10 கிலோவுக்குத் தளர்த்தியபின் எஞ்சியிருக்கும் கூடுதல் ஆழமே எண்ணாகிறது. 100இலிருந்து ஒவ்வொரு 0.002 மில்லிமீட்டர் ஆழத்துக்கும் ஒரு புள்ளி குறையும். 60 என்று காட்டும் கத்தியில் அந்த ஆழம் 0.08 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமன். இந்தக் கணக்கை மனத்தில் வைத்தால், கத்தியின் அடியில் ஒட்டிய ஒரு துணுக்குச் செதில் எத்தனை புள்ளிகளைத் தின்னும் என்பது தானே விளங்கும்.

எல்லாவற்றிலும் அடிக்கடி நேர்வது, உலையிலிருந்து வந்த மேற்பரப்பை அப்படியே சோதிப்பது. காற்றுப் படும் உலையில் எஃகின் மேல்தோல் கரியை இழந்து மென்மையாகிவிடுகிறது. பேரிங் வளையத்தை அடித்து நான் செய்த ஒரு சீவுகத்தி முதல் சோதனையில் 53 காட்டியது. தோய்ச்சல் தவறிவிட்டதென்று மறுபடியும் சூடேற்றினேன், கத்தி கோணியதுதான் மிச்சம். பிறகு முதுகை ஒட்டிய தட்டையான இடத்தை எமரித் தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கால் மில்லிமீட்டர் அளவுக்கு எடுத்துவிட்டுச் சோதித்தபோது அதே கத்தி 60 காட்டியது. அவசரப்பட்டு இதைச் சாணைக்கல்லில் செய்பவர்கள் எதிர்ப்பக்கத் தவறில் விழுகிறார்கள்: பரப்பில் நீலம் பாய்ந்தால் அந்த இடம் 300 பாகை செல்சியஸை ஒட்டிச் சூடாகிப் பதம் இறங்கிவிட்டது என்று பொருள், அங்கே எடுக்கும் எண் கத்தியின் எண்ணாகாது.

தோய்ச்சலில் சற்றே வளைந்த கத்தியைப் புடைத்த பக்கம் மேலே இருக்கும்படி வைத்தால், எடை ஏறும்போது அது வில்போல் அமுங்குகிறது. அந்த அமுங்கலையும் எந்திரம் ஆழமாகவே எண்ணிக்கொள்வதால் நல்ல கத்தியும் மெத்தென்று தோன்றும். மேடையை விட்டு வெகுதூரம் தொங்கும் நீளக் கத்திக்குத் தாங்கு கொடுக்காவிட்டாலும் இதே கதைதான். வாய்ப்புறச் சரிவில் சோதிப்பது இன்னும் மோசம். பரப்பு முனைக்கு நேர்குத்தாக இருக்க வேண்டும், 2 பாகைக்கு மேல் சாய்வு ஆகாது. தடிமன், பள்ள ஆழத்தைப்போல் 10 மடங்காவது, அதாவது 60 புள்ளிக் கத்திக்கு 0.8 மில்லிமீட்டராவது தேவை. அதைவிட மெல்லிய தகட்டுக்கு 15 கிலோ எடையில் இயங்கும் மேற்பரப்பு ராக்வெல் முறையைக் கேட்டு வாங்குவதே முறை.

முதுகில் எடுத்த எண் வாய்க்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. அரிவாளுக்குச் செய்வதுபோல வாயை மட்டும் எண்ணெயில் தோய்த்த கத்தியில் முதுகு மென்மையாகவே இருக்கும், இருக்கவும் வேண்டும். இத்தகைய கத்திக்கு, அதே எஃகுத் துண்டொன்றை முழுதாகத் தோய்த்துச் சோதித்துவிட்டு, வாயை 55, 60, 65 என்று தரமிட்ட சோதனை அரங்களால் தொட்டுப் பார்க்கலாம்.

டெம்பரிங், அதாவது தோய்ச்சலுக்குப் பின் மிதமாகச் சூடேற்றி நொறுங்கும் தன்மையைக் குறைப்பது, முடியுமுன் எடுத்த எண்ணைச் சீட்டில் எழுதுவோரும் உண்டு. பேரிங் எஃகு எண்ணெயில் தோய்ந்தவுடன் 64, 65 காட்டும், 200 பாகையில் டெம்பர் செய்தபின் 60ஐ ஒட்டி இறங்கும். விற்பது இரண்டாவது நிலையிலுள்ள கத்தியைத்தான்.

சிறு முனை மோதித் துள்ளும் வேகத்தைக் கொண்டு கடினத்தைச் சொல்லும், கையில் பிடித்துத் தட்டும் துள்ளல்வகைச் சோதனைக் கருவி எடுத்துச்செல்ல எளிது என்பதற்காகக் கத்தியில் பயன்படுத்தக் கூடாது. அதன் வழக்கமான டி வகைக்கு 5 கிலோவுக்குக் குறையாத கனமான பொருள் தேவை. கால் கிலோ கத்தி அதிர்ந்து, துள்ளலை விழுங்கிவிடும்.

எந்திரத்தில் முனையையோ மேடையையோ மாற்றியிருந்தால் முதல் குத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டு, கத்தியின் எண்ணுக்கு அண்மையான சான்றுபெற்ற சோதனைக் கட்டையில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு, குழியின் விட்டத்தைப்போல் 3 மடங்குக்குக் குறையாத இடைவெளியில் மூன்று குத்துகள் போதும். 59, 60, 59 என்று வந்தால் சீட்டில் 59.33 என்று எழுதத் தேவையில்லை, 59 முதல் 60 வரை என்றே எழுதலாம்.