கன்று வீசிய மாடும் விடாத காய்ச்சலும்: புரூசெல்லா பரிசோதனை படிப்படியாக

சினையின் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு பசு கன்று வீசி, நஞ்சுக்கொடியும் விழாமல் நின்றால், மாட்டிலிருந்து மனிதருக்கும் தொற்றும் பாக்டீரியாவான புரூசெல்லாவைச் சந்தேகிக்க வேண்டும். பார்த்த மாத்திரத்தில் எவராலும் உறுதி சொல்ல முடியாது; லெப்டோஸ்பைரா (எலிக்காய்ச்சல் கிருமி) முதல் பூஞ்சை வரை வேறு பல காரணங்களாலும் கன்று விழும். கொழும்புப் புறநகரில் நாலைந்து மாடு வைத்திருப்பவர்களும், ஆய்வுகூட வேலைக்குப் புதிதாக வந்தவர்களும் அறிய வேண்டியதை இங்கே தருகிறோம். மாதிரி எடுப்பது மிருக வைத்தியரின் வேலை. அவர் வருமுன் கெடுத்துவிடாமல் இருப்பது உங்கள் வேலை.

முதலில் கை

விழுந்த கன்றிலும் நஞ்சுக்கொடியிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். வெறுங்கையால் தொடவோ, நாய் இழுத்துப் போக விடவோ கூடாது. முழங்கை வரையான கையுறை, முகக்கவசம், கண்ணாடி மூன்றும் வேண்டும். வைத்தியர் கன்றின் இரைப்பைத் திரவத்தையும் கொடியில் ஒரு துண்டையும் எடுத்த பிறகே மீதியைச் சுண்ணாம்பு தூவி ஆழப் புதையுங்கள்.

பால் வளையப் பரிசோதனை

பட்டிக்குள் நோய் இருக்கிறதா என்று மலிவாகச் சலித்தெடுக்க இது உதவும். சோதனைக் குழாயில் 1 மி.லீ. முழுப்பால் விடுங்கள். பாலின் உயரம் 25 மி.மீ.க்குக் குறையக்கூடாது, அகலக் குழாயில் வளையம் தெளிவாகத் தெரியாது. சாயமேற்றிய எதிர்ப்பொருள் (கொன்ற புரூசெல்லா கிருமி கலந்த திரவம்) 30 முதல் 50 மைக்ரோலீட்டர் சேர்த்து, மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கி, 37 பாகையில் ஒரு மணி நேரம் வையுங்கள். மேலே வரும் ஆடை நீலமாகி அடியில் பால் வெளுத்திருந்தால் அது நேர்மறை.

உறையவைத்த, காய்ச்சிய, வேகமாகக் குலுக்கிய, மூன்று நாளுக்கு மேல் பழகிய பால் எதுவும் ஆகாது. சீம்பாலும், மடிவீக்கம் உள்ள மாட்டின் பாலும், கறவை வற்றப்போகும் காலத்துப் பாலும் பொய் வளையம் காட்டும். ஆட்டுப்பாலுக்கு இந்தப் பரிசோதனை பொருந்தாது. பால் வற்றிய பசுவும் நாம்பனும் இதில் அகப்படவே மாட்டா. ஆகவே வளையம் வரவில்லை என்று நிம்மதியாகிவிடாதீர்கள்.

இரத்தமும் சீரமும்

கழுத்து நாளத்திலோ வால் நாளத்திலோ 5 முதல் 10 மி.லீ. இரத்தம், உறைதடுப்பான் இல்லாத குழாயில். சாய்த்து வைத்து ஓரிரு மணி நேரம் உறைய விட்டு, மேலே தெளியும் நீரான சீரத்தைப் பிரித்து வேறு குழாய்க்கு மாற்றுங்கள். கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகும் மாதிரி என்றால், பிரித்த சீரமாகவே ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். முழு இரத்தமாக அனுப்பினால் கண்டி வீதியின் குலுக்கலில் சிவப்பணு உடைந்து சீரம் சிவந்துவிடும். முழு இரத்தத்தை உறைபெட்டியில் வைத்தாலும் அதே கதிதான்.

கன்று வீசிய உடனே எடுத்த இரத்தத்தில் எதிர்ப்புரதம் (கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் புரதம்) காணாமல் போகலாம். எதிர்மறை வந்தால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எடுங்கள். படிவத்தில் தடுப்பூசி விவரத்தை மறக்காமல் எழுதுங்கள்: எஸ்19 என்ற புரூசெல்லா தடுப்பூசி போட்ட மாட்டின் சீரம், நோயுற்ற மாட்டின் சீரத்தைப் போலவே நடந்துகொள்ளும்.

ரோஸ் பெங்கால் தட்டுப் பரிசோதனை

1. எதிர்ப்பொருளையும் சீரத்தையும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து, அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். குளிரோடு சேர்த்தால் திரட்சி (கிருமிகள் ஒட்டிச் சிறு கட்டிகளாவது) மந்தமாகும், பலவீனமான நேர்மறை தவறிப்போகும். எதிர்ப்பொருளை ஒருபோதும் உறையவைக்காதீர்கள்.

2. வெள்ளை ஓட்டில் 30 மைக்ரோலீட்டர் சீரம், அருகே 30 மைக்ரோலீட்டர் எதிர்ப்பொருள். செம்மறி, வெள்ளாடு என்றால் 75 சீரத்துக்கு 25 எதிர்ப்பொருள்.

3. சுத்தமான குச்சியால் இரண்டையும் கலந்து சுமார் 2 செ.மீ. வட்டமாகப் பரப்புங்கள். மாதிரிக்கு மாதிரி புதுக் குச்சி.

4. நான்கு நிமிடம் ஓட்டை மெல்ல ஆட்டுங்கள். முடிந்ததும் உடனே பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் திரட்சி எதுவானாலும் நேர்மறை.

இந்தப் பரிசோதனைக்கு உகந்த வெப்பம் 22 பாகையை ஒட்டியது. கொழும்பிலோ பகலில் 30ஐத் தாண்டும். ஏசி இல்லாத அறையில், தலைக்கு மேல் மின்விசிறி சுழலும்போது, துளியின் ஓரம் காய்ந்து மணல்மணலாகத் தெரியும். புதியவர்கள் அதைத் திரட்சி என்று எழுதிவிடுவார்கள். விசிறியை நிறுத்துங்கள், ஐந்தாம் நிமிடத்தில் பார்த்ததைக் கணக்கில் எடுக்காதீர்கள். தெரிந்த நேர்மறை, எதிர்மறைச் சீரங்களை ஒவ்வொரு தொகுதியோடும் சேர்த்துப் பரிசோதியுங்கள். அவை சரியாக வராவிட்டால் அன்றைய முடிவு எதையும் எழுத வேண்டாம்.

நேர்மறை வந்த மாட்டை உடனே நோயாளி என்று முத்திரை குத்தக் கூடாது. எர்சினியா என்டரோகொலிட்டிகா ஓ:9 போன்ற கிருமிகளும் இதே திரட்சியைத் தரும். எலைசாவோ நிரப்புப் பொருத்தப் பரிசோதனையோ (இரண்டும் சீரத்தில் எதிர்ப்புரதம் தேடும் வேறு முறைகள்) உறுதிப்படுத்தட்டும். அதுவரை மாட்டைத் தனியே கட்டி, பாலைக் கொதிக்க வையுங்கள். நாய்களுக்கு வரும் புரூசெல்லா கேனிஸ் இந்த எதிர்ப்பொருளில் பிடிபடாது. அதற்கு வேறு பரிசோதனை கேட்க வேண்டும்.

மனிதரில்

கொழும்பில் காய்ச்சல் என்றாலே டெங்கு, எலிக்காய்ச்சல் என்றுதான் முதலில் பார்ப்பார்கள், அதில் தப்பில்லை. ஏறி இறங்கும் காய்ச்சல், இரவு வியர்வை, இடுப்பு மூட்டு வலி வாரக்கணக்கில் நீடித்தால், பச்சைப்பால் குடித்ததையும், கன்று ஈன உதவியதையும், மாட்டிறைச்சி வெட்டும் வேலையையும் வைத்தியரிடம் நீங்களே சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் எவருக்கும் தோன்றாது.

குழாய்த் திரட்டல் பரிசோதனையில் சீரத்தை 1:20 இலிருந்து இரட்டிப்பாக நீர்த்து, 37 பாகையில் 24 மணி நேரம் வைப்பார்கள். அறிகுறியோடு, 1:160 அல்லது அதற்கு மேல் நீர்த்த பிறகும் திரட்சி வந்தால் பொருட்படுத்த வேண்டும். இரண்டு வார இடைவெளியில் நான்கு மடங்கு ஏறினால் சான்று இன்னும் வலுவானது. 1:160 ஓடு நிறுத்துவது பெரும் தவறு. எதிர்ப்புரதம் மிக அதிகமாக இருக்கும் சீரம் தொடக்க நீர்ப்புகளில் திரளாமலே இருந்து, 1:640இல் திரளும். குறைந்தது 1:1280 வரை போங்கள்.

இரத்த வளர்ப்புக்கான மாதிரியை அன்டிபயோட்டிக் தொடங்குமுன் எடுக்க வேண்டும். தானியங்கிக் கருவியில் பெரும்பாலும் ஏழு நாளுக்குள் தெரியும், பழைய முறையில் வாரங்கள் ஆகும். போத்தலிலும் படிவத்திலும் "புரூசெல்லா சந்தேகம்" என்று பெரிதாக எழுதுங்கள். இந்தக் கிருமி காற்றுத் துளியாகவே ஆய்வுகூட ஊழியருக்குத் தொற்றும். எழுதியிருந்தால் தான் அவர் தட்டைத் திறந்த மேசையில் வைக்காமல் பாதுகாப்புப் பேழைக்குள் கொண்டுபோவார்.